ஐப்பசிக்கு முன்னர் ஒரு குழி: கூரை மழையை வளவுக்குள் இறக்குவது எப்படி

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். மூன்று நாட்கள் சைக்கிளைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. அடுத்த ஆவணியில் அதே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக் கிணறுகள் அடி தெரிய வற்றிவிட்டன, மூன்றாவது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் உப்புக் கரித்தது, தண்ணீர் பவுசர் வருகிற நாளில் சனம் கான்களோடு வரிசையில் நின்றது. இடையில் ஒன்பது மாதம்தான். நவம்பரில் எல்லோருமாகச் சேர்ந்து வாய்க்கால் வெட்டி, ஒரு மதிலின் அடியையும் உடைத்து, அவ்வளவு தண்ணீரையும் கடலுக்கு அனுப்பியிருந்தோம்.

அந்தத் தண்ணீரில் உங்கள் வீட்டுக் கூரையில் விழுந்த பங்கை உங்கள் வளவுக்குள்ளேயே நிலத்துக்குள் இறக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோண்டாவிலில் எங்கள் வீட்டிலும் அரியாலையில் பெரியம்மா வீட்டிலும் செய்து பார்த்த வேலை இது. ஒன்று செம்மண், மற்றது தாழ்ந்த நிலம், அதனால் இரண்டு இடத்திலும் ஒரே முறை சரிவரவில்லை. அதையும் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்க நல்ல காலம் ஆவணி, புரட்டாசி. சோளகம் அடித்து ஓய்கிற நேரம், கிணறு ஆகக் கீழே நிற்கும், மண் காய்ந்திருக்கும், குழி வெட்டினால் தண்ணீர் ஊறாது. ஐப்பசி பிறந்த பிறகு மேசனைத் தேடினால் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் வெட்டிய குழியின் ஓரம் இடிந்து விழும்.

முதலில் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிற வழுக்கியாறு ஒன்றுதான் ஆறு என்று சொல்லத் தக்கது. நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கிற மழைநீர். கல்லுக்குள் கடல்நீரும் இருக்கிறது, ஆனால் அது பாரமானது. நன்னீர் அதன்மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள், அங்கே மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. உங்கள் கிணற்றுக்குக் கீழேயும் அதே கதைதான், கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பி வாசித்துப் பாருங்கள்: மோட்டரால் இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் இது அப்படியே நடக்கும் என்றில்லை, ஆனால் போகும் திசை இதுதான். கடல்மட்டம் உயர்ந்துகொண்டு வருகிற காலத்தில், மழையும் மூன்று மாதம் பரவலாகப் பெய்யாமல் நாலைந்து நாளில் கொட்டித் தீர்க்கிற காலத்தில், மேலேயிருந்து நன்னீரால் உப்புநீரை அழுத்தி வைத்திருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிற ஆயுதம். தண்ணீர் குறைகிறது என்று குழாய்க்கிணறு ஆழமாகத் துளைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. இந்த மண்ணில் ஆழம் போனால் கிடைப்பது உப்பு, கூடவே அது மேலே ஏறுவதற்கு ஒரு வழியையும் நாங்களே திறந்துவிடுகிறோம்.

உங்கள் கூரை எவ்வளவு தண்ணீர் தரும்

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 1000 சதுர அடிக் கூரை என்றால் சுமார் 93 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. தெறிப்பது, ஆவியாவது, பீலியால் (கூரை விளிம்பில் தண்ணீர் ஏந்துகிற வாய்க்காலால்) வழிவது எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 93,000 லீற்றர் வரும். 1000 லீற்றர் தாங்கி 93. இந்தக் கணக்கை நான் முதன்முதலில் ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் போட்டபோது பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டு தரம் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் குழியின் அளவை வருட மழையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு மணித்தியாலத்தில் கொட்டுகிற மழையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அதே கூரையிலிருந்து 4500 லீற்றருக்கு மேல் இறங்கும். அந்த எண்ணை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இடம் பார்ப்பது

இதில் அவசரப்படாதீர்கள், மற்றதெல்லாம் பிழைத்தாலும் திருத்தலாம், இடம் பிழைத்தால் திருத்த முடியாது. மலசலகூடக் குழி எங்கே என்று முதலில் பாருங்கள், அதிலிருந்து வளவு இடம்தருகிற அளவுக்குத் தூரமாகப் போங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி என்று ஊரில் பொதுவாகச் சொல்வார்கள், சுண்ணாம்புக்கல்லில் ஒரு வெடிப்பு நேராகப் போய்ச் சேர்ந்தால் அந்த 50 அடி ஒன்றுமேயில்லை. மழைக்குழியை இவை இரண்டுக்கும் நடுவில் வைத்தால், இறங்குகிற மழைநீர் மலக்குழி அழுக்கைக் கிணற்றுப் பக்கம் தள்ளிவிடக்கூடும். எனவே கிணற்றுக்கு அந்தப் பக்கம் மலக்குழி என்றால் இந்தப் பக்கம் மழைக்குழி.

வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்கட்டும், அத்திவாரம் ஈரத்தில் நிற்கக்கூடாது. கிணற்றிலிருந்து 15 அடி, முடிந்தால் 20. மாட்டுக்கொட்டில், கோழிக்கூடு, மோட்டார் சைக்கிள் கழுவுகிற இடம், எண்ணெய் சிந்துகிற இடம் எதற்கும் பக்கத்தில் வேண்டாம். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி எத்தனை வீட்டுக் கிணறுகளைக் கெடுத்தது என்பதும், அந்த வழக்கில் 2019இல் உயர்நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிலத்துக்குள் தண்ணீர் போகிற வழியால் அழுக்கும் போகும், போனால் வெளியே எடுக்க ஆளில்லை.

அப்புறம் மண்ணைச் சோதியுங்கள். நினைத்த இடத்தில் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் ஒரு சின்னக் கிடங்கு வெட்டுங்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள், இறங்கிய பிறகு திரும்ப நிரப்பி, ஒரு தடியில் அடையாளம் வைத்து, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் விறுவிறென்று இறங்கிவிடும். அரை அங்குலம்கூட இறங்காத களிமண் என்றால் அந்த இடத்தில் குழி பயன் தராது, வேறு மூலை பாருங்கள்.

இன்னொன்று, மார்கழியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள். குழியின் அடி, அந்த மட்டத்துக்கு மூன்று நாலு அடியாவது மேலே நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் மார்கழியிலும் தண்ணீர் நிலத்திலிருந்து 12 அடி கீழேதான், ஆறு அடிக் குழிக்குப் பிரச்சினை இல்லை. அரியாலையில் மார்கழித் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் நிற்கும், அங்கே குழியே வெட்டவில்லை.

பீலியும் குழாயும்

ஓட்டுக் கூரை, சீற் கூரை, சிலாப் எதுவாக இருந்தாலும் நிலத்துக்குள் இறக்குவதற்குப் பரவாயில்லை. அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் ஒன்றே ஒன்று: பாசி பிடித்திருக்கிறது என்று தும்புத்தடியாலோ கம்பித் தூரிகையாலோ தேய்க்காதீர்கள், உரஞ்சினால் கிளம்புகிற தூசு நெஞ்சுக்குக் கூடாது. அந்தக் கூரைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கவும் வேண்டாம்.

பீலி 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிந்து போகட்டும். மேசன்மார் கண்ணால் பார்த்து "சரி, ஓடும்" என்பார்கள், நீங்கள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கள், நடுவில் தேங்கினால் அங்கே நுளம்பு குஞ்சு பொரிக்கும். இரண்டு பக்கம் சரிந்த கூரை என்றால் பக்கத்துக்கு ஒரு கீழ்க்குழாய், நாலு அங்குலம். மூன்று அங்குலம் மலிவு, ஆனால் பெருமழையில் பீலிக்கு மேலால் வழியும். குழாய் தொடங்குகிற வாயில் துருப்பிடிக்காத கம்பிவலையைப் பந்து போலச் சுருட்டி வையுங்கள், வேப்பிலையும் மாவிலையும் அங்கேயே நிற்கும்.

முதல் மழையை வெளியே விட வேண்டும்

முதல் வருடம் நான் செய்த பிழை இதுதான். பீலியிலிருந்து குழாயை நேரே கிணற்றுக்குள் விட்டேன். இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதம் மழை காணாத கூரையில் காகத்தின் எச்சம், அணில் புழுக்கை, தூசு, உக்கிய இலை எல்லாம் கிடந்திருக்கிறது, அவ்வளவும் முதல் மழையோடு குடிக்கிற கிணற்றுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் தண்ணீர் மணத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனா. கிணற்றை முழுவதும் இறைத்து, குளோரின் போட்டு, ஒரு கிழமைக்கும் மேலாக அயலவர் கிணற்றில் அள்ளிக் குடித்தோம். அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், குடிக்கிற கிணற்றுக்குள் கூரைத் தண்ணீரை நேரே விடாதீர்கள். வடிகட்டி பூட்டி விடலாம் என்று சொல்வார்கள், வடிகட்டியை ஒரு வருடம் கழுவ மறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பக்கத்தில் குழி வெட்டி மண்ணால் இறங்கவிட்டால் அந்த மண் எங்கள் மறதியையும் கொஞ்சம் தாங்கும்.

முதல் மழையைப் பிரிப்பதற்குப் பழைய நீலப் பரல் (பீப்பா) ஒன்று போதும், ஒவ்வொரு கீழ்க்குழாய்க்கும் ஒன்று. உணவுப் பொருள் வந்த பரலாகப் பார்த்து வாங்குங்கள், பூச்சிமருந்து, இரசாயனம் வந்தது வேண்டவே வேண்டாம். கீழ்க்குழாயில், பரலின் மூடிக்குச் சற்று மேலே, ஒரு டீ இணைப்புப் போடுங்கள். நேர் கீழ்வழி பரலுக்குள், பக்கவழி மழைக்குழிக்கு. கீழ்வழி பரல் மூடியோடு காற்றுப் போகாமல் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். முதலில் வருகிற அழுக்குத் தண்ணீர் பரலை நிரப்பும், நிரம்பியதும் மேலே போக இடமில்லாமல் அடுத்த தண்ணீர் பக்கவழியால் குழிக்குத் திரும்பும். தானாக நடக்கும், ஆள் நின்று குழாயைத் திருப்பத் தேவையில்லை. கூரையின் சதுர மீற்றர் ஒன்றுக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை வெளியே விட்டால் போதும் என்பது வழக்கமான கணக்கு, 1000 சதுர அடிக்கு அதிகபட்சம் 93 லீற்றர், ஆகவே பரல் தாராளம்.

பரலின் அடியில் ஒரு சின்னக் குழாய்த் திருகு. அதை முழுதாகப் பூட்டாமல், சொட்டுச் சொட்டாக வடிகிற அளவுக்குத் திறந்தே விடுங்கள். ஒரு நாளுக்குள் பரல் வெறுமையாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அந்தச் சொட்டை வாழையடிக்கு விட்டிருக்கிறோம், காக எச்சத்தோடு வருவதால் வாழைக்குப் பசளையும் சேர்கிறது.

குழி

இரண்டாம் வருடம் குழி வெட்டினோம், அதிலும் ஒரு பாடம். ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம் வெட்டி, அடியிலிருந்து மேல்வரை கல் நிரப்பினோம். பார்க்க நல்ல உறுதியாக இருந்தது. குழியின் கொள்ளளவு 4200 லீற்றர், ஆனால் கல் நிரப்பினால் இடைவெளியாக மிஞ்சுவது ஐந்தில் இரண்டு பங்கு அளவில்தான், ஏறத்தாழ 1700 லீற்றர். முதல் பெருமழையிலேயே நிரம்பி முற்றத்துக்கு வந்துவிட்டது. அதைவிட மோசம், அடுத்த வருடம் கல்லுக்கிடையில் மண்டி அடைந்தபோது சுத்தம் செய்ய வழியில்லை, கல் முழுவதையும் கையால் அள்ளி வெளியே போட வேண்டியிருந்தது.

மேசன் அண்ணைதான் வழி சொன்னார். "தம்பி, கல்லை விடுங்கோ, வளையத்தை இறக்குவம், உள்ளுக்கு வெறுமையா இருக்கட்டும், ஆள் இறங்கி வழிக்கலாம்." அதைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். நாலு அடி விட்டமுள்ள சீமெந்து வளையங்கள், பக்கத்தில் துவாரம் விட்டு வார்க்கச் சொல்லுங்கள். ஆறடி ஆழத்துக்கு இறக்கினால் ஒரு குழிக்கு ஏறத்தாழ 2100 லீற்றர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழி என்றால் 4200. மேலே சொன்ன ஒரு மணித்தியால மழைக்கு, இடையில் மண்ணுக்குள் இறங்குவதையும் சேர்த்தால், சரியாக வரும். வளையத்துக்கு வெளியே ஒரு அடி இடைவெளியில் சல்லி போடுங்கள். குழியின் அடியில் ஒரு அடிக்குப் பருமணல், அதன்மேல் அரை அடிக்குச் சல்லி.

மணலுக்குக் கடற்கரைக்குப் போகவேண்டாம். உப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், மணற்காட்டுப் பக்கத்து மணல்மேடுகள் கடலுக்கு வேலி போல நிற்பவை, மழையைப் பிடித்து வைப்பவை, எங்கள் குழிக்காக இன்னொரு ஊரின் நல்ல தண்ணீரைக் குலைப்பது நியாயமில்லை.

வெட்டும்போது வெள்ளைக்கல் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அலவாங்கால் குத்தி உடைத்து, பொந்து ஒன்றைத் திறந்துவிட்டால் தண்ணீர் வேகமாக இறங்கும், அது உண்மை. ஆனால் அப்படி இறங்குகிற தண்ணீரை மண் வடிகட்டுவதில்லை, அதில் இருக்கிற அழுக்கு அடுத்த வளவுக் கிணற்றில் போய்த்தான் நிற்கும். கல்லுக்கு மேல் இரண்டு மூன்று அடி மண்ணாவது இருக்கட்டும், ஆழம் குறைந்தால் அகலத்தைக் கூட்டுங்கள்.

குழிக்குள் தண்ணீர் விழுவதற்கு முன் இரண்டடிச் சதுரத்தில் ஒரு சின்னத் தொட்டி கட்டுங்கள், தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் மேலால் வழிந்து போகட்டும், மண்டி தொட்டியில் தங்கிவிடும். மேலே கொங்கிறீற் மூடி, பிள்ளைகள் ஏறி நின்றாலும் தாங்குகிற மூடி, ஒரு கைப்பிடியோடு. காற்றுப் போகிற குழாய் விட்டால் அதன் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். டெங்குக் காலம் மழைக்காலத்தோடுதான் வருகிறது, எங்கள் நல்ல நோக்கம் அயலுக்குக் காய்ச்சலாகப் போகக்கூடாது. அப்புறம் நிரம்பி வழிகிற தண்ணீருக்கு ஒரு வழி: வாழைப்பாத்தியோ தென்னம்பாத்தியோ, அதையும் மீறினால்தான் வெள்ளவாய்க்கால்.

தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்களுக்கு

பெரியம்மா வீட்டில் குழிக்குப் பதிலாக நீளமான பள்ளம். வேலியோரமாக இரண்டடி அகலம், ஒரு அடி ஆழம், வேலி நீளத்துக்கும். வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் தாழ்ந்த பக்கமாக வரம்பு போலப் போட்டு, பூவரசங் கதியாலும் கிளிசரியாவும் நட்டோம். கூரைத் தண்ணீர் பள்ளத்துக்குள் பரவி மெல்ல ஊறுகிறது, மார்கழியில் நிலம் நிரம்பிய பிறகு மிச்சம் வெளியே போகத்தான் செய்யும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை முற்பகுதி மழை அவ்வளவும் உள்ளே நிற்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்குத் தாங்கி கூடுதல் பயன். 1000 லீற்றர் தாங்கி ஒன்று, பரலுக்குப் பிறகு, சல்லியும் பருமணலும் போட்ட வடிகட்டி ஒன்றுக்குப் பிறகு. தீவுப்பகுதியில் கிணறு உவராகிப்போன வீடுகளுக்கு இதுதான் நான் முதலில் சொல்வது, குழி பிறகு பார்க்கலாம். தாங்கி வெளிச்சம் புகாத கறுப்பாக இருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும், குடிப்பதென்றால் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

முற்றத்தை மூடாதீர்கள்

வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் மதில், பிறகு முற்றம் முழுக்கச் சீமெந்து அல்லது இன்ரலொக் கல். மண் காலில் ஒட்டாது, பெருக்கச் சுலபம், எல்லாம் சரி. ஆனால் ஒரு பரப்புக் காணி என்றால் 2722 சதுர அடி. அதில் 1000 அடி கூரை, 1200 அடி சீமெந்து என்றால் மழை இறங்க மிஞ்சுவது கிணற்றடியும் நாலு பூச்சாடியும். வாகனம் வருகிற சில்லுப் பாதை இரண்டுக்கு மட்டும் கல் பதியுங்கள், நடுவில் புல் விடுங்கள். மதில் கட்டினாலும் அடியில் தண்ணீர் போகப் பொந்து விடுங்கள், பழைய கிடுகுவேலியும் கதியால் வேலியும் வெள்ளத்தை ஒரு வளவில் தேக்காமல் மெல்ல மெல்ல நகர விட்டன, மதில்கள் அதை ஒரு வீட்டில் நிறுத்தி இன்னொரு வீட்டில் ஏற்றுகின்றன.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் உள்ளன. அவற்றை எங்கள் முன்னோர் அழகுக்காக வெட்டவில்லை. உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று புரட்டாசியில் ஒரு தரம் நடந்து பாருங்கள். குப்பைப் பையும் கட்டட இடிபாடும்தான் கிடக்கும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு காலைவேலை. வாய்க்காலுக்கு மேல் யாரும் மதில் கட்டியிருந்தால் அதை நாலு பேர் தீர்க்க முடியாது, பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்திருங்கள்.

இறக்கியதைக் கெடுக்காதீர்கள்

தோட்டம் செய்கிறவர்களோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, எங்கள் அப்புவும் தோட்டக்காரர்தான். ஆனால் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் யூரியாவை அள்ளிப் போட்டு, அடுத்த நாள் மோட்டரால் நிறைய இறைத்தால், பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள்தான் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது, கைக்குழந்தைக்கு அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகிற சக்தி குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். தோட்டக் காணிகளுக்கு நடுவில் வீடு என்றால், வீட்டில் குழந்தை இருந்தால், தண்ணீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார். தோட்டக்காரர் யூரியாவைப் பிரித்துப் பிரித்து, சிறு அளவாகப் போடலாம், அதோடு பூவரசங் குழையையும் கிளிசரியாவையும் மண்ணுக்குள் புதைத்துத் தாழ்த்தால் மண் தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைத்திருக்கும். அப்புவின் காலத்தில் குழை தாழ்ப்பது எல்லாத் தோட்டத்திலும் நடந்த வேலை.

வருடத்துக்கு எவ்வளவு வேலை

அதிகம் இல்லை. புரட்டாசியில் பீலி கழுவ வேண்டும், கூரைக்கு மேல் நீட்டிய கிளையை வெட்ட வேண்டும், பரலின் திருகு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒரு தரம் கம்பிவலையில் கிடக்கிற இலையை எடுங்கள், மண்டித் தொட்டியை ஒரு வாளியால் அள்ளிப் பூமரத்துக்கு ஊற்றுங்கள். மாசியில் குழியைத் திறந்து பார்த்து, மணலுக்கு மேல் படிந்த மண்டியை வழித்துவிடுங்கள். குழிக்குள் தனியாக இறங்க வேண்டாம், திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, மற்றவர் இறங்கட்டும்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் கூடிவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கூரைத் தண்ணீர் ஒரு கிணற்றில் நிற்காது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கியது பரவிப் போய்விடும், பக்கத்து வீட்டு ஆச்சி அள்ளுகிற வாளியிலும் அது இருக்கும், அவரின் கூரைத் தண்ணீர் எங்கள் வாளியிலும் இருக்கும். அதனால் ஒரு வீட்டில் செய்து முடித்ததும் அயலவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். எங்கள் ஒழுங்கையில் இப்போது ஐந்து வீடு. வளையம் வார்க்கிற அச்சை ஒருவர் வாங்கி வைத்திருக்கிறார், ஆறாவது வீட்டுக்கு இந்த ஆவணியில் போகிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை, குழி வெட்டுவதற்கு முன்னரே தொடங்குங்கள். ஒரு நைலோன் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு இரும்புத் துண்டு கட்டி, மாதப் பிறப்பன்று காலையில், மோட்டர் போடுவதற்கு முன், கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளவுங்கள். ஒரு வாய் குடித்து உப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், அல்லது உப்பு அளக்கிற சின்ன மீற்றர் இருந்தால் அந்த எண்ணையும் பாருங்கள். இரண்டையும் நாட்காட்டியில் அந்தத் திகதிக் கட்டத்துக்குள் எழுதுங்கள், வருடம் முடிந்ததும் நாட்காட்டியை எறிந்துவிடாமல் வையுங்கள்.